எழுத மறுக்கும் வட்டு

லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்யும் கணினியில் புதிய வன்வட்டு ஒன்றைப் பொருத்தி, அதைப் பிரித்து, வடிவமைத்து, திரையில் அதன் சின்னம் தோன்றும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தேறிய பிறகு, முதல் கோப்பைச் சேமிக்க முயலும் பயனருக்கு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற விடை கிடைப்பது மிகப் பரவலான அனுபவம். வட்டு அவர் விலை கொடுத்து வாங்கியது, கணினியும் அவருடையதே, ஆயினும் அதில் ஓர் எழுத்தைக்கூட அவரால் எழுத முடிவதில்லை. இது பழுது அன்று. ‘இந்த இடம் யாருக்கு உரியது’ என்ற கேள்விக்கான விடை வட்டின் மீதே எழுதப்பட்டிருக்கலாம், அல்லது வட்டைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் கணினி ஒவ்வொரு முறையும் அறிவிப்பதாக இருக்கலாம்; இவ்விரண்டில் எது தன் முன்னே இருக்கிறது என்று தெரியாமல் பயனர் தட்டும் கட்டளைகள் ஒன்று பயனின்றிப் போகின்றன, அல்லது திறக்க வேண்டாத கதவையும் சேர்த்துத் திறந்துவிடுகின்றன.

ஒரே வட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு பகுதியும் பார்ட்டிஷன் எனப்படுகிறது. அந்தப் பகுதிக்குள் கோப்புகளை எங்கே வைப்பது, அவற்றின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை எப்படிக் குறித்துவைப்பது என்பதை வரையறுக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் சி, டி, ஈ எனத் தனித்தனி எழுத்தைப் பெற்றுத் தனித்தனியாக நிற்கிறது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸிலோ இருப்பது ஒரே மரம். எந்த வட்டானாலும் அந்த மரத்தின் ஏதேனும் ஓர் அடைவில், அதாவது ஃபோல்டரில், கிளையாக ஒட்டவைக்கப்பட வேண்டும். அவ்வாறு ஒட்டவைப்பதே மவுண்ட் செய்தல். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் வட்டு என்பது கழற்றி மாட்டும் பெரிய தட்டாக இருந்தது. 1970-களின் பிடிபி-11 கணினிகளில் பயன்பட்ட ஆர்கே05 வகைத் தட்டு ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை மெகாபைட் மட்டுமே அடங்கும் என்றாலும், அதைக் கையால் தூக்கிச் சென்று இயக்கியில் பொருத்துவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கையால் பொருத்திய அந்த வேலையின் பெயரே இன்று மென்பொருள் செய்யும் வேலைக்கும் தங்கிவிட்டது.

மவுண்ட் செய்வதற்கு ஓர் அடைவு தேவை. அதை இணைப்பு அடைவு எனலாம். வட்டு இணைந்ததும் அந்த அடைவு தன் பழைய உள்ளடக்கத்தோடும் பழைய அனுமதிகளோடும் மறைந்துபோகிறது. அதன் இடத்தில் தென்படுவது வந்து சேர்ந்த கோப்பு முறைமையின் தலைமை அடைவும் அதற்குரிய அனுமதிகளுமே ஆகும். வட்டை இணைப்பதற்கு முன்பே இணைப்பு அடைவைத் தம் பெயருக்கு மாற்றிவைத்துவிட்டு, இணைத்த பின் மாற்றம் காணாமற்போனதைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். அது வேறொரு சர்வே எண்ணுக்குப் பட்டா வாங்கிவந்து இந்த நிலத்தில் வேலி போட முயல்வதைப் போன்றது. வட்டைக் கழற்றியதும் அவர்கள் செய்த மாற்றம் அப்படியே வெளிப்படும் என்பது ஒரு வகை ஆறுதல்.

லினக்ஸுக்கே உரிய கோப்பு முறைமைகளில் உரிமை எங்கே பதிவாகிறது என்பதை ஈஎக்ஸ்டி குடும்பத்தைக் கொண்டு விளக்கலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், முதலில் மினிக்ஸ் என்ற பயிற்சி இயங்குதளத்தின் கோப்பு முறைமையையே கடன் வாங்கியிருந்தது. 1992-இல் ரெமி கார்டு உருவாக்கிய ஈஎக்ஸ்டி அதன் இடத்தைப் பிடித்தது; அதன் வழிவந்த ஈஎக்ஸ்டி4, 2008-இல் நிலைபெற்று இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இக்குடும்பத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எனப்படும் சிறிய பதிவேடு வட்டிலேயே உண்டு. கோப்பின் பெயர் அதில் இராது. உரிமையாளரின் எண், குழுவின் எண், நேரக் குறிப்புகள், அனுமதி ஆகியவை இருக்கும். அனுமதி என்பது உரிமையாளர், குழுவினர், பிறர் ஆகிய மூவகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மும்மூன்று உரிமைகளைச் சொல்லும் ஒன்பது குறிகளின் தொகுதி. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று கூட்டிப் பார்த்தால் 755 போன்ற எண் கிடைக்கும். உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, மற்ற இரு வகையினருக்கும் எழுதுதல் நீங்கலாக மீதி உண்டு என்பது அந்த எண்ணின் பொருள்.

இங்கே பலர் இடறும் நுட்பம் ஒன்று உண்டு. ஓர் அடைவில் எழுதும் அனுமதி என்பது அதற்குள் புதிய கோப்பை உண்டாக்குவதற்கும் இருக்கும் கோப்பின் பெயரை மாற்றுவதற்கும் அழிப்பதற்குமான அனுமதியாகும். கோப்பின் மீதுள்ள எழுதும் அனுமதியோ அதன் உள்ளடக்கத்தைத் திருத்துவதற்கு மட்டுமே உரியது. ஆகவே ஒருவரால் படிக்கவும் திருத்தவும் இயலாத கோப்பை, அது இருக்கும் அடைவில் எழுதும் அனுமதி இருந்தால், அவர் அழித்துவிட முடியும். எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிக அடைவுகளில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காமல் காப்பதற்கென்றே, ஸ்டிக்கி பிட் என்ற பத்தாவது குறி ஒன்று பயன்படுகிறது. கருனி, அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அனுமதியைச் சோதிக்கும் முறையிலும் ஒரு விந்தை இருக்கிறது. கேட்பவர் உரிமையாளர் என்றால் உரிமையாளருக்கான குறிகளை மட்டுமே அது பார்க்கும். பிறருக்கு அதைவிடக் கூடுதல் உரிமை தரப்பட்டிருந்தாலும் உரிமையாளருக்கு அது கிடைக்காது. தன் கோப்பைத் தானே திறக்க முடியாமல் அயலார் மட்டும் திறக்கும்படி ஒருவர் அமைத்துவிடலாம் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் விதி அதுதான்.

புதிய வட்டு எழுத மறுப்பதன் காரணம் இப்போது தெளிவாகும். வட்டை ஈஎக்ஸ்டி4 முறைமையில் வடிவமைக்கும் கட்டளையை நிர்வாகியான ரூட் பயனரின் பெயரால் இயக்குவதே வழக்கம். அந்தக் கட்டளை புதிய கோப்பு முறைமையின் தலைமை அடைவை ரூட்டுக்கு உரியதாகவும் 755 என்ற அனுமதியோடும் உண்டாக்குகிறது. எனவே மற்றவர்கள் உள்ளே போகலாம், பார்க்கலாம், எழுத முடியாது. இதற்குத் தீர்வு, வட்டை முதலில் மவுண்ட் செய்துவிட்டு, அதன் பிறகு உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையால் அந்தத் தலைமை அடைவைப் பயனரின் பெயருக்கு மாற்றுவது. ஒருமுறை செய்தால் போதும். மாற்றம் வட்டின் ஐநோடில் பதிவாகிவிடுவதால், கணினியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் அது நிலைக்கும். உள்ளே கோப்புகள் ஏற்கெனவே இருந்தால், அவற்றையும் சேர்த்து மாற்றும்படி அதே கட்டளைக்குச் சொல்லலாம். அதை இயங்குதளமே குடியிருக்கும் பார்ட்டிஷனில் தவறிச் செய்தவர்கள், கணினியை முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு மாறாக, அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையோடு 777 என்ற எண்ணைச் சேர்த்து எல்லோருக்கும் எல்லா உரிமையையும் வழங்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சிக்கல் உடனே மறைந்துவிடுவதே அந்தப் பழக்கத்தின் தீமை. கணினியில் இயங்கும் இணையச் சேவையகம் போன்ற நிரல்களும் தனித்தனிப் பயனர்களாகவே பதிவாகியிருப்பதால், ‘பிறர்’ என்ற சொல்லில் அவையும் அடங்கும். அவற்றில் ஒன்று ஊடுருவப்பட்டால் அந்த வட்டிலுள்ள அனைத்தும் ஊடுருவியவரின் கைக்குப் போகும். சில மென்பொருள்கள் இத்தகைய தாராளத்தை ஏற்பதும் இல்லை. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உதவும் எஸ்எஸ்எச், தன் மறைசாவிக் கோப்பைப் பிறரும் படிக்க முடியும் என்று கண்டால் அந்தச் சாவியைப் பயன்படுத்த மறுத்துவிடும்.

பென்டிரைவ்களில் நிலைமை முற்றிலும் வேறு. அவற்றில் பெரும்பாலானவை ஃபேட் வகைக் கோப்பு முறைமையோடு வருகின்றன. 1977-இல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்டு முதன்முதலாக எழுதிய ஃபேட், ஒரே ஒருவர் பயன்படுத்தும் சிறிய கணினிகளை மனத்தில் கொண்டு பிறந்தது. அதில் ஒரு கோப்புக்கான குறிப்பு 32 பைட் நீளமுடையது. பெயர், அளவு, நேரம், கோப்பு தொடங்கும் இடம், ‘படிக்க மட்டும்’, ‘மறைவு’ போன்ற சில அடையாளங்கள் ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு, உரிமையாளருக்கு இடம் இல்லை. 1996-இல் வந்த ஃபேட்32-உம் 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட்டும் கோப்பின் உச்ச அளவு போன்றவற்றை மாற்றினவேயன்றி, இந்தக் குறையை நிரப்பவில்லை. நில அளவையின் மொழியில் சொன்னால் ஃபேட் வட்டு முழுவதும் புறம்போக்கு. அதற்கு யார் பெயரிலும் பதிவு கிடையாது.

பதிவே இல்லாத இடத்தில் சிஎச்ஓன் கட்டளை என்ன செய்ய முடியும்? ‘இச்செயல் அனுமதிக்கப்படவில்லை’ என்று ரூட் பயனரிடமே அது சொல்லிவிடும். அதனால் மேலும் குழப்பம் விளையும். ஆனால் கருனிக்கு ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் தேவை. ஆகையால் வட்டை இணைக்கும் நேரத்தில் தரப்படும் விருப்பக் குறிப்புகளைக் கொண்டு அதுவே ஓர் உரிமையாளரைக் கற்பித்துக்கொள்கிறது. யூஐடி என்ற குறிப்பு பயனர் எண்ணையும், ஜிஐடி குழு எண்ணையும், யூமாஸ்க் அனுமதியையும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் யூமாஸ்க் தலைகீழாக வேலை செய்வது. அது கொடுக்க வேண்டிய உரிமைகளை அல்ல, பறிக்க வேண்டிய உரிமைகளைக் குறிப்பது. 022 என்று சொன்னால் குழுவினரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் எழுதும் உரிமை பறிபோய் 755 மிஞ்சும். 002 என்றால் குழுவினரும் எழுதலாம். கோப்புகளுக்கு ஒன்றும் அடைவுகளுக்கு வேறொன்றும் வேண்டுமானால் எஃப்மாஸ்க், டிமாஸ்க் என்று பிரித்தும் சொல்லலாம். இவை எதுவும் வட்டில் பதிவதில்லை. பென்டிரைவைக் கழற்றியதும் கற்பித்த உரிமையும் கலைந்துவிடும்.

குறிப்பு எதுவும் தராவிட்டால் யார் மவுண்ட் கட்டளையை இயக்கினாரோ அவரே உரிமையாளர். ஒரே பென்டிரைவ் திரையில் சின்னத்தைச் சொடுக்கித் திறக்கும்போது எழுத இடம் கொடுப்பதும், கட்டளை வரியில், ரூட்டின் அதிகாரத்தோடு இயக்கும் சூடோவைச் சேர்த்து இணைக்கும்போது மறுப்பதும் இதனால்தான். சொடுக்கும்போது பின்னணியில் யூடிஸ்க்ஸ் என்ற சேவை, திரைக்கு முன் அமர்ந்திருப்பவரின் எண்ணை யூஐடியாக எழுதிக் கொடுக்கிறது. சூடோவோடு இணைக்கும்போது இயக்கியவர் ரூட் ஆகிவிடுகிறார். அதே பென்டிரைவை ஈஎக்ஸ்டி4 முறைமைக்கு மாற்றினால், யூடிஸ்க்ஸாலும் உரிமையைக் கற்பிக்க முடியாது. வட்டில் எழுதியிருப்பதே செல்லும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது என்டிஎஃப்எஸ். 1993-இல் விண்டோஸ் என்டி-யோடு வந்த இந்த முறைமையில் உரிமையாளர் பதிவும் உண்டு, யாருக்கு என்ன உரிமை என்ற விரிவான பட்டியலும் உண்டு. ஆனால் அவை விண்டோஸின் நீண்ட அடையாள எண்களால் எழுதப்பட்டவை, லினக்ஸின் பயனர் எண்களோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி மென்பொருளும், 2021-இல் 5.15 பதிப்பிலிருந்து கருனியிலேயே இடம்பெற்ற என்டிஎஃப்எஸ்3-உம், சிறப்பு ஏற்பாடு எதுவும் செய்யாத நிலையில், ஃபேட்டுக்குச் சொன்ன குறிப்புகளையே ஏற்றுக்கொள்கின்றன.

என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் எழுத மறுப்பதற்கு அனுமதியோடு தொடர்பே இல்லாத காரணமும் இருக்கலாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்ற வசதியால், ‘அணை’ என்று சொன்னாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் உட்கருவின் நிலையை வட்டில் சேமித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் வட்டில் வேறொருவர் எழுதினால் விழித்தெழும் விண்டோஸுக்குத் தரவுக் குழப்பம் நேரும் என்பதால், லினக்ஸ் அதைப் பெரும்பாலும் படிக்க மட்டுமே இணைக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் அருகருகே இருக்கும் இடங்களில் எல்லாம் இது நிகழக்கூடும். 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பல மடிக்கணினிகள் அத்தகைய இரட்டை அமைப்பு கொண்டவையே. தீர்வு லினக்ஸில் இல்லை. விண்டோஸுக்குப் போய் விரைவுத் தொடக்கத்தை நீக்க வேண்டும், அல்லது ‘மறுதொடக்கம்’ என்று சொல்லி முழுமையாக அணைந்து எழச் செய்ய வேண்டும்.

ஆகவே கணினி சொல்லும் மறுப்பின் சொற்களைக் கவனித்துப் படிப்பதே முதல் வேலை. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றால் சிக்கல் உரிமையில் இருக்கிறது. ‘இது படிக்க மட்டுமேயான கோப்பு முறைமை’ என்றால் உரிமையை எப்படி மாற்றினாலும் பயனில்லை, ஏனெனில் வட்டு முழுவதும் யாருக்கும் எழுத இயலாதபடி இணைக்கப்பட்டிருக்கிறது. ஈஎக்ஸ்டி4 வட்டிலும் இது நிகழும். பிழை கண்டால் படிக்க மட்டும் மாற்றிவிடும்படி பல கணினிகளில் அமைப்பு இருப்பதால், நேற்றுவரை எழுதிக்கொண்டிருந்த வட்டு இன்று திடீரென்று மறுத்தால் அது தேய்ந்துபோன வட்டின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது சிஎச்மோட் அன்று. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுப்பது.

கணினி இயங்கத் தொடங்கும்போதே ஒரு வட்டு இணைந்திருக்க வேண்டுமானால், அதை எஃப்எஸ்டேப் என்ற எளிய உரைக்கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒரு வட்டுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு புலங்கள். வட்டின் அடையாளம், இணைப்பு அடைவு, கோப்பு முறைமையின் வகை, விருப்பக் குறிப்புகள் ஆகிய முதல் நான்கே பயனருக்கு முக்கியமானவை. அடையாளமாக எஸ்டிபி1 போன்ற சாதனப் பெயரை எழுதுவது நல்லதன்று. வட்டுகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். வடிவமைக்கும்போது கிடைத்த யூயூஐடி என்ற நீண்ட எண் மாறாதது. ஃபேட்டுக்கும் என்டிஎஃப்எஸ்ஸுக்கும் உரிய யூஐடி, யூமாஸ்க் குறிப்புகள் நான்காம் புலத்தில் இடம்பெற வேண்டியவை. அவற்றையே ஈஎக்ஸ்டி4 வரியிலும் எழுதினால் கருனி அந்த வரியையே நிராகரித்துவிடும். இக்கோப்பில் நேரும் சிறு பிழையும் கணினி எழும்போது அவசரநிலைத் திரையில் நின்றுவிடச் செய்யக்கூடும் என்பதால், திருத்திய உடனே எல்லா வரிகளையும் மவுண்ட் செய்யச் சொல்லிச் சோதித்துவிட்டுத்தான் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அதே புலத்தில் யூசர் என்று எழுதினால், சாதாரணப் பயனரும் அந்த வட்டை இணைக்கலாம். அந்த ஒரு சொல்லோடு நோசூயிட், நோடெவ், நோஎக்ஸெக் என்ற மூன்று தடைகளும் சொல்லாமலே சேர்ந்துகொள்கின்றன. முதலாவதன் பின்னணி சுவையானது. கடவுச்சொல்லை மாற்றும் நிரலைச் சாதாரணப் பயனர் இயக்கினாலும், கடவுச்சொற்கள் உள்ள கோப்பில் ரூட் மட்டுமே எழுத முடியும். இந்த முட்டுக்கட்டையை நீக்க, இயக்குபவர் யாராயினும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும்படி செய்யும் செட்யூஐடி என்ற குறியை டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1979-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் வெளியாள் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் ரூட்டுக்கு உரியதாகச் செட்யூஐடி குறியிட்ட நிரலை ஒரு பென்டிரைவில் வைத்து எடுத்துவந்து செருகினால், இந்தக் கணினியிலும் அது ரூட்டாகவே இயங்கிவிடும். வட்டின் பதிவை அப்படியே நம்பினால் நேரும் ஆபத்து இது. நோசூயிட் அந்த நம்பிக்கைக்கு வரம்பிடுகிறது.

ஒரே வட்டில் பலர் எழுத வேண்டிய இடங்களில், ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் வினாத்தாள்களைப் பகிரும் பார்ட்டிஷன் போன்றவற்றில், குழுதான் சரியான வழி. ஆசிரியர்களை ஒரு குழுவில் சேர்த்து, தலைமை அடைவை அக்குழுவுக்கு உரியதாக்கி, 2775 என்ற அனுமதியை வழங்கலாம். முன்னே நிற்கும் 2, செட்ஜிஐடி குறியைச் சுட்டுகிறது. அது இருந்தால் அடைவுக்குள் யார் கோப்பை உண்டாக்கினாலும் அது அக்குழுவுக்கே உரியதாகும். இதோடு வேலை முடியவில்லை. பல கணினிகளில் பயனரின் இயல்பு யூமாஸ்க் 022 ஆக இருப்பதால், புதிய கோப்பு குழுவுக்கு உரியதாக இருந்தும் குழுவினர் எழுத முடியாததாகவே பிறக்கும். அடைவின் மீது இயல்பு ஏசிஎல் எனப்படும் கூடுதல் உரிமைப் பட்டியலை அமைத்தால், அது யூமாஸ்க்கின் இடத்தை எடுத்துக்கொண்டு சிக்கலைத் தீர்த்துவிடும். குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே அந்த உரிமையைப் பெறுவார் என்பதை மறந்து மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

எல்லாம் சரியாக அமைந்த ஈஎக்ஸ்டி4 வட்டும், வேறு கணினிக்குப் போனால் விபரீதமாக நடந்துகொள்ளும். ஐநோடு பதிந்துவைப்பது பெயரையன்று, எண்ணை. லினக்ஸ் தொகுப்புகளான டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவும்போது உருவாகும் முதல் பயனரின் எண் 1000. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் 2014-இன் 7-ஆம் பதிப்புக்கு முன்புவரை அது 500. ஆகவே பழைய ரெட் ஹேட் கணினியில் எழுதிய வட்டை உபுண்டுவில் செருகும் அதே மனிதர் தன் கோப்புகளுக்கே அந்நியர் ஆகிறார். உபுண்டுவில் எழுதிய வட்டை முன்பின் அறியாத ஒருவர் தன் உபுண்டு கணினியில் செருகினாலோ, இருவரும் 1000 என்பதால் அவர் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் ஆகிவிடுகிறார். அனுமதிக் குறிகள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு இடையே வேலி. வட்டையே தூக்கிச் செல்பவருக்கு அவை தடையல்ல. அதற்கு வட்டை லக்ஸ் போன்ற முறையால் மறைகுறியாக்கம் செய்வதே வழி.

எண் பொருந்தாமையைத் தீர்ப்பதற்கு நெடுங்காலம் எல்லாக் கோப்புகளின் உரிமையையும் மாற்றி எழுதுவதே எளிதில் கைக்கெட்டும் வழியாக இருந்தது. பழைய கணினிக்குத் திரும்பினால் மீண்டும் மாற்றி எழுத வேண்டும். 2021-இல் வெளிவந்த 5.12 கருனியில், கிறிஸ்டியன் பிரௌனரின் முயற்சியால், எண்களை மவுண்ட் செய்யும்போதே மொழிபெயர்க்கும் வசதி நுழைந்தது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், ஃபேட் ஆகிய கோப்பு முறைமைகள் அதை முதலில் ஏற்றன. மவுண்ட் கட்டளையிலேயே அதைக் குறிப்பிடும் வழி 2023-இல் வந்தது. வட்டில் 500 என்று இருப்பதை இந்த இணைப்பில் மட்டும் 1000 என்று காட்டும்படி சொல்லலாம். பயனர் புதிதாக எழுதும் கோப்பும் வட்டில் 500 என்றே பதிவாகும். பழைய கணினிக்கு அதைத் திரும்ப எடுத்துச் சென்றால், அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை.